பாத்றூம் நிலம்: எது மட்டம், எது வாட்டம்

எங்கட பக்கம் இப்ப கன வீடுகளில அறையோட சேர்த்து பாத்றூம் கட்டினம், இல்லாட்டி இருக்கிறதை உடைச்சுத் திருத்தினம். 2009இல சண்டை முடிஞ்சாப்பிறகு வன்னிக்குத் திரும்பி வந்து, இந்திய வீட்டுத்திட்டத்தில தந்த 550,000 ரூபாவைப் பகுதி பகுதியா வாங்கி, மிச்சத்துக்கு நகையை அடைவு வைச்சு எழுப்பின வீடுகள்தானே கனக்க. அந்த நேரம் தலைக்கு மேல ஒரு கூரை வந்தாப் போதும் எண்டுதான் எல்லாருக்கும் இருந்தது, மலசலகூடம் வளவுக்குப் பின்னால தனிய இருந்தாலும் அதைப் பற்றி ஒருத்தரும் பெரிசா யோசிக்கேல்லை. இப்ப அம்மா அப்பாக்கு வயசு போயிட்டுது, மாரி மழைக்குள்ள இரவு ரெண்டு மணிக்கு டோர்ச் லைற்றும் குடையுமா வெள்ளத்துக்குள்ளால நடக்கேலாது. அதால பின் விறாந்தையை அடைச்சு ஒரு பாத்றூம், அதுக்கு மாபிள் (நிலத்துக்குப் பதிக்கிற ரைலைத்தான் நாங்கள் அப்பிடிச் சொல்லுறது), ஒரு கொமட், ஒரு ஷவர், இவ்வளவுதான் கேக்கிறது.

நாங்களும் அப்பிடித்தான் அம்மாக்குக் கட்டினனாங்கள், பரந்தன் பக்கம் எங்கட வீடு. முதல் தரம் கட்டேக்க மாபிள் பாக்க வடிவா இருந்தது, பதிச்ச மேசனும் நல்ல வேலைகாரன் எண்டு பேர் எடுத்தவர்தான். ஆனா முதல் நாள் குளிச்சு முடிய, தண்ணி பைப் ஓட்டைக்குப் போகேல்லை, மற்ற மூலையில தேங்கி நிண்டுது. நாங்கள் தும்புத்தடியால தள்ளித் தள்ளி ஒரு வருசம் சமாளிச்சம். அதுக்குள்ள கதவு நிலைக்குக் கீழ்ப்பக்கம் உழுத்து, அறைச் சுவரில பெயின்ற் கொப்புளிச்சு வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்து, கடைசியா ஒருநாள் விடிய அம்மா அந்தத் தேங்கின தண்ணியில வழுக்கி விழுந்து மணிக்கட்டு வெடிச்சுப்போச்சு. ஆறு கிழமை கட்டுப் போட்டுக்கொண்டு இருந்தவ. அண்டைக்குத்தான் இந்த நிலம் எண்ட விசயத்தை ஒழுங்கா விளங்கிக்கொள்ள வேணும் எண்டு முடிவெடுத்தனான், ரெண்டாந்தரம் உடைச்சுக் கட்டேக்க கூட இருந்து ஒரு வயசான மேசன் ஐயாட்டக் கேட்டுக் கேட்டுப் படிச்சதைத்தான் இதில எழுதுறன். மேசன் வேலை தெரியாத ஆக்களுக்குத்தான் இது, வீட்டுக்காரருக்கு இது தெரிஞ்சிருந்தா வேலை நடக்கேக்கயே பிழையைப் பிடிக்கலாம்.

முதல் ரெண்டு சொல்லை விளங்கிக்கொள்ளுங்கோ. மட்டம் எண்டா நிண்ட தண்ணியின்ர மேற்பரப்பு மாதிரி, எந்தப் பக்கமும் ஏத்தமும் இல்லை இறக்கமும் இல்லை. வாட்டம் எண்டா நாங்களா வேணுமெண்டு குடுக்கிற சரிவு, இவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு இறக்கம் எண்டு கணக்கு வைச்சுக் குடுக்கிறது. வயல் செய்யிற ஆக்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. வயலுக்குள்ள பலகையடிக்கிறது மட்டத்துக்கு, ஏனெண்டா பாத்தி முழுக்கத் தண்ணி ஒரே அளவில நிக்கவேணும், திட்டியில நிண்ட நெல் காயும், பதிவான பள்ளத்தில நிண்டது அழுகும். வாய்க்கால் வெட்டுறது வாட்டத்துக்கு, இரணைமடுக் குளத்துத் தண்ணி ஒரு மோட்டரும் இல்லாம எங்கட வயல் வரைக்கும் வாறது அந்த வாட்டத்தாலதான். பாத்றூம் நிலம் வயல் இல்லை, அது வாய்க்கால். இதை மறந்து ஸ்பிரிட் லெவலை வைச்சு நடுவில குமிழ் நிக்குதோ எண்டு மட்டும் பாத்து மாபிள் பதிச்சா, நிலம் அசல் மட்டமா இருக்கும், தண்ணிக்கு எங்க போறது எண்டு தெரியாது.

ஆனா வாட்டம் எண்டுறதைக் குத்துமதிப்பாச் சரிச்சும் விடேலாது. சரிவை அளக்கிறதுக்கே முதல் ஒரு சரியான மட்டம் கையில வேணும், அது இல்லாம எதைவிட எவ்வளவு பதிவு எண்டு எப்பிடிச் சொல்லுறது? எங்கட முதல் மேசன் விட்ட பிழை இதுதான் எண்டு பிறகுதான் விளங்கினது. அவர் பழைய நிலத்தை நம்பி அதில இருந்து மேல அளந்தவர். பழைய நிலம் ஒரு மூலையில ஒரு இஞ்சி மேடு, இன்னொரு மூலையில அரை இஞ்சி பள்ளம், அதுக்கு மேல எல்லா இடமும் ஒரே கனத்துக்குக் கலவை போட்டா கீழ இருந்த மேடு பள்ளம் அப்பிடியே மேல வந்திடும். நிலத்தில இருந்து அளக்கக்கூடாது, சுவரில போட்ட ஒரு கோட்டில இருந்து கீழ்நோக்கி அளக்கவேணும். இந்தக் கட்டுரையில ஒரே ஒரு விசயத்தைத்தான் ஞாபகம் வைச்சிருப்பன் எண்டா இதை வைச்சிருங்கோ.

அந்தக் கோடு போடுறதுக்கு லேசர் லெவல் எல்லாம் இப்ப வந்திட்டுது, இருந்தாப் பாவியுங்கோ, ஆனா ஒரு 30 அடித் தெளிவான பிளாஸ்ரிக் குழாயும் தண்ணியும் அதே வேலையைச் செய்யும். ரெண்டு பக்கமும் திறந்த ஒரு குழாய்க்குள்ள தண்ணி இருந்தா, குழாய் நடுவில எப்பிடி வளைஞ்சு நெளிஞ்சு கிடந்தாலும் ரெண்டு முனையிலயும் தண்ணி ஒரே உயரத்திலதான் நிக்கும். சுவருக்கு அங்கால இஞ்சால ஆள் தெரியாட்டிலும் பிரச்சினை இல்லை, கதவுக்குள்ளால குழாயைக் கொண்டு போனாச் சரி. கவனிக்கவேண்டியது காத்துக் குமிழ். ஒரு குமிழ் உள்ள மாட்டினாலும் கணக்குப் பிழைக்கும். பைப்பில நேர பிடிச்சு நிரப்பினாக் குமிழ் கனக்க வரும், அதால ஒரு வாளித் தண்ணியை உயரத்தில வைச்சு, குழாயின்ர ஒரு முனையை அதுக்குள்ள அமத்தி, மற்ற முனையில வாயால இழுத்து விடுங்கோ, தண்ணி மெதுவா ஓடி நிரம்பும். தண்ணிக்குள்ள கொஞ்சம் நீலம் கரைச்சா வடிவாத் தெரியும். வேலை தொடங்க முதல் ரெண்டு முனையையும் பக்கத்தில பக்கத்தில பிடிச்சுப் பாருங்கோ, ரெண்டிலயும் தண்ணி ஒரே உயரத்தில நிண்டாத்தான் குழாய் சரி. நடக்கேக்க தண்ணி சிந்தாம பெருவிரலால அடைச்சுக்கொண்டு போறது சரி, ஆனா அளக்கேக்க ரெண்டு பேரும் விரலை எடுக்கவேணும், ஒராள் எடுக்காம விட்டாலும் தண்ணி பொய் சொல்லும்.

இப்ப கோட்டை எங்க தொடங்கிறது? பாத்றூம் கதவுக்கு வெளியில இருக்கிற அறை நிலத்தில இருந்து தொடங்குங்கோ, ஏனெண்டா அந்த நிலம் மாறப்போறதில்லை. கதவு நிலையில அறை நிலத்தில இருந்து சரியா 100 சென்ரிமீற்றர் உயரத்தில ஒரு பென்சில் கோடு. குழாயின்ர ஒரு முனையைத் தூக்கிப் பதிச்சு, தண்ணி அந்தக் கோட்டில நிக்கிற மாதிரி ஒராள் பிடிக்க, மற்றாள் பாத்றூமுக்குள்ள ஒவ்வொரு மூலையிலயும் தண்ணி நிக்கிற இடத்தில கோடு போட்டுக்கொண்டு வரவேணும். நாலு மூலையும் முடிஞ்சோடன விட்டிடாதேங்கோ. கடைசி மூலையில இருந்து திரும்ப முதல் கோட்டுக்கே வாங்கோ, அதே இடத்தில வந்து சேர்ந்தாச் சரி, ஒண்டு ரெண்டு மில்லிமீற்றர் வித்தியாசம் பரவாயில்லை, அதுக்கு மேல எண்டா எங்கயோ பிழை விட்டிட்டியள், திரும்பச் செய்யுங்கோ. மேசன் ஐயா இதை ரெண்டு தரம் சுத்தி வந்து பாத்தவர், நான் ஏன் ஐயா மினக்கெடுறியள் எண்டு கேக்க, தம்பி இந்தக் கோடு பிழைச்சா இனி வாறது எல்லாம் பிழை எண்டார். பிறகு மூலைக்கு மூலை நூலைப் பிடிச்சு சுவர் சுத்திவர கோட்டை அடிச்சம்.

ஸ்பிரிட் லெவல் பாவிக்கிற ஆக்களுக்கு ஒரு விசயம், லெவல் சரியோ எண்டு பாக்கிறது லேசு. ஒரு இடத்தில வைச்சுக் குமிழ் எங்க நிக்குது எண்டு பாருங்கோ, பிறகு அதே இடத்தில லெவலைத் தலைகீழா இல்லாம முனை மாத்தித் திருப்பி வையுங்கோ, இடது முனை வலப்பக்கம் வாற மாதிரி. நீங்கள் நிண்டு பாக்கிற இடத்தில இருந்து குமிழ் முந்தி நிண்ட அதே பக்கம் அதே அளவு நிண்டா லெவல் நல்லது. வேற மாதிரி நிண்டா அந்த லெவலை எறியுங்கோ. விழுந்து அடிபட்ட லெவலாலதான் கன வீடுகள் கெட்டுப்போச்சு.

கோடு போட்டாப்பிறகு கீழ்நோக்கி அளக்கிறது. பழைய மாபிளைக் கழட்டிப்போட்டு, எதிர் எதிர் சுவர்க் கோட்டுக்கு நைலோன் நூலை இழுத்துக் கட்டி, அரை மீற்றருக்கு ஒருக்கா நூலில இருந்து நிலம் வரைக்கும் அளந்து, வாற எண்ணைச் சோக்கால அந்த இடத்து நிலத்திலயே எழுதுங்கோ. இதில புது ஆக்கள் எல்லாரும் ஒருக்காக் குழம்புவினம்: எண் கூடினா நிலம் பதிவு, எண் குறைஞ்சா நிலம் மேடு. நாங்கள் மேல இருந்து கீழ அளக்கிறபடியால் அப்பிடி. எங்கட பாத்றூமில சோக்கால எழுதின எண்கள் இப்பவும் போனில படமாக் கிடக்கு, அதை வைச்சே சொல்லுறன்.

பாத்றூம் 2.4 மீற்றர் நீளம், 1.5 மீற்றர் அகலம். கதவு ஒரு முனையில, ஷவர் மற்ற முனையில, தண்ணி போற ஓட்டை அந்தக் கடைசியில வலது மூலையில. முதல் எங்களுக்கு என்ன வேணும் எண்டு கணக்குப் போட்டம். கதவடியில பாத்றூம் மாபிள் அறை நிலத்தைவிட 2 சென்ரிமீற்றர் பதிவா இருக்கவேணும், எண்டா கோட்டில இருந்து 102. கதவில இருந்து ஒண்டரை மீற்றர் தூரம் கொமட்டும் வோஷ் பேசினும் இருக்கிற இடம், அதுக்கு மீற்றருக்கு 1 சென்ரிமீற்றர் வாட்டம் போதும், அங்க 103.5. மிச்சம் 90 சென்ரிமீற்றர் குளிக்கிற இடம், அதுக்கு மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர், மேசன்மார் பாசையில ஒரு அடிக்கு கால் இஞ்சி, எண்டா ஓட்டையடியில 105.3. இடது மூலைக்கு 103.8 எண்டு வைச்சம், அந்த மூலைத் தண்ணி சுவரோரமா வலது மூலைக்கு ஓடுறதுக்கு. இது எல்லாம் மாபிளின்ர மேல்மட்டம். மாபிளும் அதை ஒட்டுற கம்மும் சேர்த்து 1.2 சென்ரிமீற்றர் கனம் வரும், அதால கலவை போட்டு முடியேக்க நிலம் கதவடியில 103.2, நடுவில 104.7, ஓட்டையடியில 106.5, இடது மூலையில 105.0 எண்டு நிக்கவேணும்.

இப்ப சோக்கால எழுதியிருந்ததைப் பாருங்கோ. கதவடி 103.9, நடு 105.2, ஓட்டையடி 104.6, இடது மூலை 106.3. ஓட்டை இருக்கிற மூலைதான் எல்லாத்திலயும் பதிவா இருக்கவேணும், ஆனா அது நடுவைவிட 6 மில்லிமீற்றர் மேடு, தண்ணி எப்பிடி அங்க போகும்? ஒரு வருசமா அம்மா தும்புத்தடியால தண்ணியை ஏத்தத்துக்குத் தள்ளியிருக்கிறா. அந்த எண்களை நிலத்தில பாத்துக்கொண்டு நிக்கேக்க எனக்கு நெஞ்சுக்குள்ள என்னவோ செய்துது, ஏனெண்டா இது ஒரு மணித்தியாலத்தில அளந்து கண்டுபிடிச்சிருக்கக்கூடிய விசயம்.

இந்த இடத்திலதான் ஒரு முடிவெடுக்கவேணும், உடைக்கிறதோ ஏத்திறதோ. எங்கட கணக்கில கதவடியில போடக்கூடிய கலவை 7 மில்லிமீற்றர், நடுவில 5 மில்லிமீற்றர். சாதாரண சீமெந்துக் கலவையை அவ்வளவு மெல்லிசாப் போட்டா பிடிக்காது, ஒரு மாரி போக முதல் தட்டுத்தட்டாக் கழண்டு வரும், அதுக்கு ஒரு இஞ்சியாவது கனம் வேணும். சரி எல்லாத்தையும் ஏத்துவம் எண்டா கதவடி நிலம் அறை நிலத்தைவிட உயரும், பிறகு பாத்றூம் தண்ணி அறைக்குள்ள. அதோட மேசன் ஐயா சுத்தியலின்ர மரப்பிடியால நிலத்தைத் தட்டிக்கொண்டு போனவர், கன இடத்தில டொக் டொக் எண்டு கெட்டியான சத்தம், நடுவில மட்டும் வெறும் பெட்டியைத் தட்டின மாதிரிச் சத்தம். உடைச்சுப் பாத்தா கொங்கிறீற்றுக்குக் கீழ ரெண்டு விரல் அளவுக்கு வெறும் இடைவெளி, மண் கீழ இறங்கிப்போய்க் கிடக்கு.

வன்னியில இது கன வீட்டில இருக்கும், அதுக்குக் காரணம் இருக்கு. அத்திவாரம் கட்டினோடன உள்ளுக்கு மண்ணைக் கொட்டி நிரவி மேல கொங்கிறீற் போட்டிடுவினம், இறுக்கிறது குறைவு. கிரவல் எண்டா ஓரளவுக்குப் பரவாயில்லை, வயல் கரையில வெட்டின களிமண்ணைக் கொட்டினா அது மாரியில தண்ணி குடிச்சு ஊதும், கோடையில காஞ்சு வெடிச்சுச் சுருங்கும், முருங்கன் பக்கத்துக் கருங்களி எண்டாக் கேக்கவே வேண்டாம். 2018 மார்கழி வெள்ளம் மாதிரி ஒண்டு வந்து நாள்கணக்கில அத்திவாரத்தைச் சுத்தித் தண்ணி நிண்டா அந்த மண் இன்னும் இறங்கும். அதால உடைச்சாப்பிறகு செய்யவேண்டியது, களியை அள்ளி வெளியில போட்டிட்டு கிரவலை ஆறு இஞ்சி ஆறு இஞ்சியா நிரப்பி, ஒவ்வொரு தட்டுக்கும் தண்ணி தெளிச்சு, பாரமான குத்தியால இடிச்சு இறுக்கிறது. ஒரேயடியா ரெண்டடி நிரப்பி மேல நிண்டு இடிச்சா மேல்ப் பக்கம் மட்டும்தான் இறுகும். இது ஒருத்தருக்கும் பிடிக்காத வேலை, வெயிலுக்குள்ள முதுகு முறியும், ஆனா மேல நீங்கள் போடுற மாபிள் எவ்வளவு விலை எண்டாலும் அதைத் தாங்கிறது இந்த இடிச்ச மண்தான். மண்ணை மூட முதல் பைப்புகளைத் தாட்டு அதுக்கும் ஒரு அடிக்கு கால் இஞ்சி வாட்டம் பாருங்கோ, நூலைப் பிடிச்சு அளந்து, ஒரு படமும் எடுத்து வையுங்கோ, பிறகு எங்க பைப் போகுது எண்டு தேட வேண்டி வராது. அதுக்கு மேல பொலித்தீன் விரிச்சு மூண்டு இஞ்சிக் கொங்கிறீற், ஒண்டுக்கு ரெண்டு மணல் நாலு சல்லி.

இதுக்கிடையில கனடாவில இருக்கிற எங்கட சின்னண்ணை வீடியோ கோலில வந்து, தன்ர பாத்றூமும் இதே வருத்தம் எண்டார். அங்க மண்ணுக்கு மேல கொங்கிறீற் இல்லை, வீடு முழுக்க மரம். எங்கட கூரையில கைமரம் வரிசையா இருக்குதே, அது மாதிரி நிலத்துக்குக் கீழயும் மரங்களைச் சட்டமாட்டம் நிமித்தி வரிசையா வைச்சு, அதுக்கு மேல பிளைவூட் அடிச்சு, அதுக்கு மேலதான் மாபிள். அந்த மரத்தை ஜொயிஸ்ட் எண்டு சொல்லுவினம், ஒண்டுக்கும் மற்றதுக்கும் வழக்கமா 16 இஞ்சி தூரம். அண்ணை பிளைவூட்டைக் கழட்டிப் பாத்தா, நடுவில ரெண்டு மரம் அரை இஞ்சி பதிஞ்சு கிடக்கு, ஒண்டில முந்திப் பைப் போட்ட ஆள் மரத்தின்ர மேல்ப்பக்கத்தை வெட்டியிருக்கிறார், இன்னொண்டு தண்ணி ஒழுகி ஓரம் உழுத்துப்போச்சு.

எங்கட மண் வேலையும் அவையின்ர மர வேலையும் வேற வேற, ஆனா தொடக்கம் ஒண்டுதான், ஒரு கோடு. அவரும் சுவர் சுத்திவர ஒரு மட்டக்கோடு போட்டு, மரங்களுக்குக் குறுக்கால நூலைக் கட்டி, எந்த மரம் எல்லாத்திலயும் உயரம் எண்டு முதல் பாக்கவேணும். மற்றதுகளை அந்த உயரத்துக்குக் கொண்டு வாறதுதான் வழி, ஏனெண்டா மரத்தைச் சீவிக் குறைக்கிறது எண்டா அதின்ர பலம் குறையும், ஒரு மரம் மட்டும் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிண்டாத்தான் அதை மட்டும் சீவலாம். பதிஞ்ச மரத்தோட பக்கத்தில புது மரம் ஒண்டைச் சோடியாச் சேர்த்து, அதின்ர மேல் விளிம்பு நூலைத் தொடுற மாதிரிப் பிடிச்சு, பசையும் போட்டு போல்ற் ஆணியும் முறுக்கிவிட்டா மட்டமும் வரும், பலமும் வரும். மரத்துக்கு மேல மெல்லிசு ஆப்புகளை அடுக்கி உயர்த்திறது சின்ன வித்தியாசத்துக்குச் சரி, அதுவும் பசை போட்டு அசையாம இறுக்கவேணும், சும்மா வைச்சா நடக்கேக்க நெரிஞ்சு சத்தம் போடும். உழுத்ததுக்கு மேல ஒண்டும் செய்யேலாது, உழுத்த பகுதி போகவேணும், தண்ணி எங்கால ஒழுகினது எண்டதையும் முதல் நிப்பாட்டவேணும்.

மர நிலத்துக்கு மட்டத்தைவிட இன்னொரு கவலையும் இருக்கு, வளையிறது. மாபிள் வளையாது, கீழ மரம் வளைஞ்சா மாபிள் வெடிக்கும் இல்லாட்டி இடையில இருக்கிற பூச்சு வெடிக்கும். அதுக்கு அங்க ஒரு கணக்கு வைச்சிருக்கினம், நீளத்தை 360ஆல பிரிச்சு வாறதைவிடக் கூட வளையக்கூடாது. பத்தடி மரம் எண்டா 120 இஞ்சி, 360ஆல பிரிச்சா மூண்டில ஒரு இஞ்சி, அவ்வளவுதான் இடம். அதாலதான் பைப்புக்காக மரத்தின்ர நடுப்பகுதியில மேலயோ கீழயோ கண்டபடி வெட்டக்கூடாது எண்டு அங்க சட்டமே இருக்கு, நான் அண்ணைக்குச் சொன்னது, அந்த வெட்டின மரத்தை நீங்களா முடிவெடுக்காதேங்கோ, தெரிஞ்ச ஒரு தச்சு வேலைகாரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ எண்டு. அங்க இன்னொரு வித்தியாசம், ஷவருக்கு மட்டும் தனியாச் சரிஞ்ச தட்டு ஒண்டு வைப்பினம், மிச்ச நிலம் முழுக்க மட்டம், கால் நனையாது. எங்கட பழக்கம் வாளியில தண்ணி அள்ளி ஊத்திக் குளிக்கிறது, நிலம் முழுக்கக் கழுவுறது, அதால எங்களுக்கு ஒரு மூலை விடாம எல்லா இடத்துக்கும் வாட்டம் வேணும்.

திரும்ப எங்கட பாத்றூமுக்கு வருவம். கொங்கிறீற் இறுகினாப்பிறகு மேல கலவை போடேக்க, முதல் நிலம் முழுக்க ஒரே நேரம் கொட்டிறதில்லை. முக்கியமான இடங்களில, கதவடி, நடு, நாலு மூலை, ஓட்டையைச் சுத்தி, ஒரு கையளவு கலவையைப் பொட்டு மாதிரி வைச்சு, மேல் நூலில இருந்து அளந்து, அந்தப் பொட்டின்ர தலை சரியா 103.2, 104.7 எண்டு எங்கட எண்ணில நிக்கிற மாதிரித் தட்டிக்கொள்ளுறது. பொட்டுகள் கொஞ்சம் இறுகின பிறகு ஒரு பொட்டில இருந்து மற்றப் பொட்டுக்குக் கலவையால பட்டை இழுக்கிறது, பிறகு பட்டைக்கும் பட்டைக்கும் நடுவில நிரப்பி மட்டப்பலகையை ரெண்டு பட்டையிலயும் முட்ட வைச்சு இழுத்தா, வாட்டம் தானா வந்து விழும். மேசன் பொட்டு வைச்சு முடிஞ்ச நேரம்தான் வீட்டுக்காரர் அளவு நாடாவோட உள்ளுக்குப் போகவேண்டிய நேரம், அஞ்சு நிமிசத்தில எல்லாப் பொட்டையும் அளந்து போடலாம், பிழை எண்டா ஒரு சாந்தகப்பை கலவையோட சரியாப்போகும். ஒண்டுக்கு நாலு கலவை, கனக்கத் தண்ணி விடாம, கையில பிடிச்சா உருண்டையா நிக்கிற பதத்தில. போட்டாப்பிறகு ஏழு நாள் ஈரம் காயாமச் சாக்கை விரிச்சுத் தண்ணி விடுங்கோ, சோளகம் அடிக்கிற மாசங்களில கதவு யன்னலையும் மூடி வையுங்கோ, அந்தக் காத்துக்கு ஒரு பகலில வெடிச்சிடும்.

குளிக்கிற பகுதியில ஒரு மூலை மட்டும் பதிஞ்சிருக்கிறபடியால் அது தட்டையான பலகை இல்லை, முறுகின பலகை. ரெண்டடிக்கு ரெண்டடி பெரிய மாபிள் இதில ஒழுங்கா இருக்காது, ஒரு முனை தூக்கிக்கொண்டு நிக்கும், அந்த முனையில கால்விரல் அடிபடும். மூலைக்கு மூலை குறுக்கால வெட்டிப் பதிக்கவேணும், இல்லாட்டி ஒரு அடி மாபிளாப் பாத்து எடுங்கோ, சொரசொரப்பானதா. கடையில மினுங்கிறதுதான் வடிவாத் தெரியும், ஆனா வயசான ஆக்கள் இருக்கிற வீட்டில நிலத்துக்கு மினுங்கிற மாபிள் போடாதேங்கோ, இதைக் கெஞ்சிக் கேக்கிறன். எங்கட சனத்தில சண்டையில கால் இழந்த ஆக்கள் எத்தினை பேர், பொய்க்காலோடயும் சக்கர நாற்காலியோடயும் இருக்கினம். அவைக்குக் கட்டிற பாத்றூம் எண்டா கதவடியில அந்த ரெண்டு சென்ரிமீற்றர் படியே தடைதான், படியை எடுத்துப்போட்டு ஒரு இஞ்சி உயரத்துக்கு ஒரு அடி நீளம் எண்ட கணக்கில சரிவா இறக்கிவிடலாம், உள்ளுக்கும் மீற்றருக்கு 2 சென்ரிமீற்றருக்கு மேல வாட்டம் போனா நாற்காலி தானா உருளும், அதுக்குள்ள நிக்கவேணும்.

மாபிள் பதிக்க முதல் தண்ணி ஊறாத பூச்சு அடிக்கிறதை விடாதேங்கோ. கீழ்வீடுதானே, கீழ ஒருத்தரும் இல்லைத்தானே எண்டு கனபேர் விட்டிடுவினம், ஆனா அந்த ஈரம் சுவருக்குள்ளால ஏறி அறைப்பக்கம் உப்பாப் பூக்கும், எங்கட சுவரில வந்தது அதுதான். ரெண்டு பூச்சு, முதல் பூச்சு ஒரு பக்கமா, காஞ்ச பிறகு மற்றது குறுக்கால, சுவரில ஆறு இஞ்சி உயரம் வரைக்கும், ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்கு. காஞ்சாப்பிறகு ஓட்டையைத் துணியால அடைச்சு, கதவடியில கலவையால சின்ன வரம்பு கட்டி, தண்ணியை நிரப்பி ஒரு நாள் முழுக்க விடுங்கோ. தண்ணி நிக்கிற உயரத்தைச் சுவரில பென்சிலால குறிச்சு வையுங்கோ. அடுத்த நாள் கோட்டுக்குக் கீழ கனக்க இறங்கியிருந்தா எங்கயோ விட்டிருக்கு. வரம்பு கட்டித் தண்ணி நிப்பாட்டிற வேலை எங்கட சனத்துக்கு நல்லாத் தெரியும்தானே. இந்தத் தண்ணியைத் திறந்து விடேக்க பக்கத்தில நிண்டு பாருங்கோ, எங்கயாவது ஒரு குட்டை தங்கி நிண்டா அதைச் சோக்கால சுத்திக் கீறி வையுங்கோ, மாபிளுக்கு முதல் அதைத் திருத்தலாம், மாபிளுக்குப் பிறகு ஏலாது.

மாபிள் பதிச்சு இடைவெளி பூசி முடிய, மேசனுக்கு மிச்சக் காசைக் குடுக்க முதல், அவர் நிக்கேக்கயே கதவடியில ஒரு வாளித் தண்ணியை ஊத்துங்கோ. ஊத்திப்போட்டு தும்புத்தடியைத் தொடாதேங்கோ. பத்து நிமிசம் கழிச்சுப் போய்ப் பாருங்கோ, மாபிள் நனைஞ்சிருக்கும், அது பரவாயில்லை, ஆனா ஒரு நாணயத்தின்ர விளிம்பு மறையிற அளவுக்கு எங்கயும் தண்ணி நிக்கக்கூடாது. நாணயத்தை வைச்சே பாக்கலாம். பழைய பாத்றூமில இதைப் பாக்கிறது இன்னும் லேசு, எங்கட கிணத்துத் தண்ணி சவர்த் தண்ணி, எந்த இடத்தில தண்ணி நிண்டு காயுதோ அங்க வெள்ளைப் படை ஒண்டு வட்டமாப் பிடிச்சிருக்கும். அந்த வட்டத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவ முதல் ஒருக்கா நூலைப் பிடிச்சு அளந்து பாருங்கோ, அதுதான் உங்கட நிலத்தின்ர பள்ளம்.

எங்கட ரெண்டாவது பாத்றூமில நாங்கள் ஊத்தின வாளித் தண்ணி கதவடியில இருந்து மெதுவா விரிஞ்சு, கொமட்டைத் தாண்டி, ஷவர் பக்கம் வந்தோடன வேகமெடுத்து வலது மூலைக்குள்ள இறங்கிப்போச்சு. அம்மா கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு பாத்தவ. இன்னொரு வாளி ஊத்தச் சொன்னா.